உப்பு மூட்டையாக நான் ஏறிய கார்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் மகள் வடிவு போர்ட் பிளேரில் இருந்தாள். ஏழாம் மாதம் கிளம்ப வேண்டியவள். அந்த மாதம் கப்பல் பழுது என்றார்கள். எட்டாம் மாதம் கப்பல் சரியாகி வந்தது. ஆனால் வயிற்றைப் பார்த்த டாக்டர் இனிமேல் ஏறக் கூடாது என்றுவிட்டார். அதனால் தாய் வீடே கப்பலேறிப் போனது. தாய் வீடு என்றால் நான், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு. சாக்கில் கருப்பட்டி, சுக்கு, பூண்டு, பெருங்காயம், அதற்கு மேல் நெத்திலிக் கருவாடு.

கப்பலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. முதல் இரண்டு நாள் நான் தலை தூக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் படுக்கையில் இருந்த தெலுங்குக்காரி என் வாயைத் திறந்து ஒரு மாங்காய் ஊறுகாய்த் துண்டை வைத்தாள். அதற்குப் பிறகு எழுந்து உட்கார முடிந்தது. அவள் என் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, கையை மீன் நீந்துவது போல ஆட்டிக் காட்டி, சுற்றிலும் கிடந்த கடலைக் காட்டிச் சிரித்தாள். நாலு பக்கமும் மீன் இருக்கிற ஊருக்குத் தூத்துக்குடியிலிருந்து கருவாடு சுமந்து போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

கப்பல்துறையில் மாப்பிள்ளை நின்றார். பெட்டியைப் பார்த்து "வாங்க அத்தை" என்றார். நான் சாக்கைப் பார்த்து "வந்தேன்" என்றேன். எங்களுக்குள் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவாள். மகள் பக்கத்தில் இல்லையென்றால் தூணிடம் சொல்லுவாள். மருமகனும் தூணுக்கே பதில் சொல்லுவார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் எங்கள் பேச்சை எல்லாம் கேட்டது தூண்கள்தான். எனக்கு அது பெரிய நிம்மதி. நான் பொதுவாகவே யாரிடமும் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவள்.

மாப்பிள்ளை சாலை வேலைக்குக் கல்லும் மணலும் இறக்கித் தரும் காண்டிராக்டர். டவுனுக்கு வெளியே மேட்டில் இருக்கிற கராச்சர்மாவில் வீடு. ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட கறுப்புக் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். அது பிரேக் வேலைக்காக டவுனில் ஒரு பட்டறையில் நிற்கிறது என்று சாக்கிடம் சொல்லி வருத்தப்பட்டார். அதனால் பஸ்ஸில் போனோம்.

பஸ்ஸில் எனக்குத் தெரிந்த பாஷை ஒன்றும் கேட்கவில்லை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று ஆளுக்கு ஒரு ஊர். எல்லோரும் ஹிந்தியில் சண்டை போட்டார்கள். வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கப் போனேன். கண்டக்டர் தெலுங்கர்; "நானி, நீ உட்காரு" என்று கையமர்த்தினார். நானி என்றால் அம்மாவைப் பெற்றவள். ஊருக்குள் கால் வைக்கும் முன்பே எனக்கு அந்தப் பதவி வந்துவிட்டது.

பஸ் நின்ற இடத்தில் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் செம்மண் கரை, மறு பக்கம் தென்னந்தோப்பின் தலைகள். தென்னை மரத்தின் தலையை மேலிருந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் உப்பளம் தட்டையாகக் கிடக்கும். வண்டி நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே ஏறுகிற மேடெல்லாம் திரும்பும்போது இறக்கம். வடிவு பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. துடிக்கத் துடிக்க மீன். மீன் குழம்பில் தேங்காய், கீரையில் தேங்காய்ப் பால், தாளிக்கத் தேங்காய் எண்ணெய், தலைக்கும் அதே. நல்லெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். "அது கல் கிடைக்கும்மா" என்றாள் வடிவு. கல் என்றால் ஹிந்தியில் நாளை என்றும் வரும், நேற்று என்றும் வருமாம். கடையில் போய்ப் பார்த்தேன். உளுந்து, சட்டைப் பொத்தான், சைக்கிள் டியூப், எது கேட்டாலும் கடைக்காரர் சொன்ன பதில் ஒன்றுதான்: அடுத்த கப்பல். வெறுங்கையோடு திரும்பியவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். எங்கள் ஊராக இருந்தால் கடைக்காரர் அன்றைக்கே கடையை மூடியிருப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கார் வந்தது. மாப்பிள்ளை ஓட்டிவர, பக்கத்தில் பட்டறைக்காரர் ராம்சரண் மிஸ்திரி. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். பாட்டனார் கைதியாக வந்தவர் என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவாராம், நாம் குலதெய்வத்தின் ஊரைச் சொல்வதுபோல. ஒல்லியான மனிதர், நிமிர்ந்து பார்க்க மாட்டார். பார்த்த உடனே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வேண்டும் என்றார் மாப்பிள்ளை. எலுமிச்சம்பழம் அடுத்த கப்பல். நாலு பச்சைப் பாக்கை வைத்து வண்டியை நகர்த்தினார். மூன்று நசுங்கின. நாலாவது தெறித்துப் போய்ப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் டங்கென்று விழுந்தது. சூடம் காட்டியாயிற்று, வண்டி இனி சரி என்று மாப்பிள்ளை கைகளைத் தட்டிக்கொண்டார். அதுதான் அந்த வண்டிக்கு நடந்த பரிசோதனை.

நான் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த நாளில் உப்பளத்தில் மாட்டு வண்டி அடித்தவர். ஆசாரியிடம் போய்ச் சரியாகி வந்த வண்டியில் முதல் நடைக்கு ஆள் ஏற்ற மாட்டார். உப்பு மூட்டையை ஏற்றி, மேடு பள்ளம் பார்த்து ஒரு நடை போய்வருவார். வந்ததும் மாட்டை அவிழ்க்கும் முன்னால் சக்கரத்துக்குச் சக்கரம் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். ஆசாரி அவருடைய உயிர்ச் சிநேகிதர். இருந்தும் அப்படித்தான். ஆசாரியும் அதைத் தப்பாக எடுத்ததில்லை.

அடுக்களையில் வடிவிடம் மெல்லச் சொன்னேன்.

"ஏட்டி, நீ ஏறுததுக்கு முந்தி அந்த வண்டியை ஒரு நடை சும்மா ஓட்டிப் பாக்கச் சொல்லு."

"பட்டறையிலேந்து அவுக ஓட்டிட்டுத்தானம்மா வந்தாக."

"அது மேட்டுல ஏறி வந்தது. ஏறுத வண்டிக்குப் பிரேக்கு எதுக்கு? நான் இறங்குததைச் சொல்லுதேன்."

"எம்மா, இது மாட்டு வண்டி இல்ல. மிஸ்திரி டீக் ஹை, எல்லாம் சரின்னு சொல்லிட்டாரு. பேசாம இரு."

பேசாமல் இருப்பது எனக்கு வரும். இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கோலம் போடப் போனபோது கார் நின்ற இடத்தில் எறும்புச் சாரை. முன்சக்கரத்தின் உள்பக்கத்திலிருந்து ஏதோ சொட்டி, மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். எறும்புகள் அதைச் சுற்றிச் சந்தை கூடியிருந்தன. விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். சுத்தமான எண்ணெய், செக்கில் ஆட்டியது.

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் இதில் சங்கதி. வண்டிச் சக்கரத்துக்கு நாங்கள் விளக்கெண்ணெய் விடுவோம். இந்த ஊரில் குழம்புக்கும் தலைக்கும் தேங்காய் எண்ணெய் என்றால் காருக்கும் அதுதானே விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் விட்ட எண்ணெய் உள்ளே நிற்காமல் ஏன் ஒழுகுகிறது? அதுதான் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வடிவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளை இறங்கிவிட்டது, அங்கேயே படுக்க வைத்துவிடலாம் என்று சொல்லிப் போனார். மாப்பிள்ளை காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "தூணே, நான் கடல் தாண்டி வந்திருக்கேன். இந்த டவுனை ஒரு நாள் கார்ல போய்ப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. நாளைக்கே போனா நல்லது" என்றேன்.

வடிவு கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சொந்த ஊரில் தேரோட்டத்துக்குக்கூட வீட்டைவிட்டு வெளியே வராதவள் நான். மாப்பிள்ளைக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அத்தை கேட்டு மறுப்பேனா, பஜாருக்கு இரண்டு மூட்டை தேங்காய் போட வேண்டியிருக்கிறது, அதையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று தூணிடம் கேட்டார். தாராளமாக ஏற்றச் சொன்னேன். நானும் இரண்டு மூட்டையும் சேர்ந்தால் வடிவின் கனத்துக்கு மேலேயே வரும். உப்புக்குப் பதில் தேங்காய். மற்றபடி முதல் நடை என் வீட்டுக்காரர் போவது போலத்தான்.

நாலாம் நாள், பின்சீட்டில் என் இரு பக்கமும் மூட்டைகள். காரில் தூண் இல்லை. வலது பக்கத்து மூட்டையிடம் பேசிக்கொண்டேன். அதுவும் தூணைப் போலவே பொறுமையாகக் கேட்டது.

முதல் வளைவு நன்றாகப் போயிற்று. காற்று வந்தது. ஊர் பார்க்கத்தான் வந்தேனோ என்று எனக்கே தோன்றியது. இரண்டாவது வளைவில் மாப்பிள்ளையின் கால் பிரேக்கை இரண்டு தடவை மிதித்தது. மூன்றாவதில் தையல் மிஷின் மிதிப்பது போல மிதித்தார்.

"மூட்டையே, கால் ரொம்ப மிதிக்குதே" என்றேன்.

அவர் ஸ்டீயரிங் வளையத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, உள்ளே கொஞ்சம் காத்து இருக்கும். மிதிச்சா சரியாயிடும்" என்றார்.

"மூட்டையே, காத்துன்னா பரவாயில்ல. கீழேருந்து பஸ்ஸு ஏறி வருது."

அவர் மிதித்தார். கால் தரை மட்டும் போயிற்று. வண்டி அதைச் சட்டை பண்ணவில்லை. ஒரு பக்கம் தென்னைத் தலைகள், எதிரே பஸ்ஸின் மூக்கு. மூட்டையிடம் சொல்லி, மூட்டை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

"மாப்பிள்ளை, மண்ணுப் பக்கம் திருப்புங்க" என்றேன்.

இரண்டு வருஷத்தில் என் குரலை நேராகக் கேட்டிராத மனிதர் திகைத்துப் போய்ப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல வேளை, அவர் கைகள் திகைக்கவில்லை. கார் செம்மண் கரையில் தோளை உரசிக்கொண்டே போய், ஒரு சக்கரத்தை வாய்க்காலில் விட்டுச் சாய்ந்து நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வலது பக்கத்து மூட்டை என்னைத் தாங்கிக்கொண்டது. இடது பக்கத்து மூட்டை வாயவிழ்ந்து, திறந்துகொண்ட கதவு வழியாகத் தேங்காய்கள் ஒவ்வொன்றாக இறங்கி, எங்களை விட வேகமாக டவுனைப் பார்த்துப் போயின.

பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். பாதிப் பேர் தேங்காய் பொறுக்கினார்கள், பாதிப் பேர் காரணம் சொன்னார்கள். ஒருவர் பெட்ரோல் மட்டம் என்றாராம். ஒருவர் வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தது தப்பு என்றாராம். ஒரு வங்காளிப் பெரியவர், பெண்பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தால் இப்படித்தான் ஆகும் என்றாராம். இதை எல்லாம் பிறகு மாப்பிள்ளை வடிவிடம் சொல்ல, வடிவு என்னிடம் சொன்னாள். நான் அப்போது முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு நின்றிருந்தேன். விழுந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிவிட்டேனே என்றுதான்.

யாரோ சொல்லி மிஸ்திரி சைக்கிளில் மேடேறி வந்தார். வேர்த்துக் கொட்டியது. காலால் மிதித்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார். பிரேக் புதுசு, என் கையால் போட்டது, இறக்கம் அதிகம் என்றார். கூட்டம் தலையாட்டியது. மாப்பிள்ளையும் தலையாட்டினார். அப்படியே விட்டால் திங்கட்கிழமை என் மகளை இதில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, உள்பக்கத்தில் கையை விட்டு வழித்தேன். எழுந்து போய் மிஸ்திரியின் மூக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டினேன். மிஸ்திரி எனக்கு மருமகன் இல்லை. அவரிடம் போகத் தூண் வேண்டியதில்லை.

அவர் முகர்ந்தார். பிறகு என் கொண்டையைப் பார்த்தார். ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். கிழவி தலையைத் தடவிய கையால் தொட்டிருப்பாள், அந்த வாசனை என்றிருக்கிறார்.

அந்தத் தெலுங்குக் கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தன் தோள் துண்டின் நுனியால் சக்கரத்தை ஒரு துடைப்புத் துடைத்தார். முகர்ந்து பார்த்தார். "நாரியல் தேல்" என்றார். தேங்காய் எண்ணெய்.

மிஸ்திரி வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார், மாப்பிள்ளை அதை மூட்டைக்குத் தமிழில் சொன்னார். பிரேக்குக்கு என்று தனியாக எண்ணெய் உண்டாம். அது தீர்ந்துபோய்க் கப்பலுக்குக் காத்திருந்தாராம். மாப்பிள்ளை தினமும் போய், என் சம்சாரத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, வண்டி வேண்டும் என்று நின்றாராம். கப்பல் வருகிறவரை ஓடட்டும் என்று தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறார். அது உள்ளே இருக்கிற ரப்பரை எல்லாம் ஊற வைத்துவிட்டது. நான் வந்த கப்பலிலேயே சரியான எண்ணெய் டின் வந்து, முந்தின நாள் கைக்கும் கிடைத்துவிட்டதாம்.

அப்படியென்றால் ஏன் உடனே வந்து சொல்லவில்லை என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கொடுத்த வண்டியை மறுபடி கொண்டா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றாராம் மிஸ்திரி.

கூட்டத்தில் பல பேர் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. எறும்பைப் பார்த்த அன்றே சொல்லாமல் விட்டவள் நானும்தான். கூச்சம் ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்பது எனக்குத் தெரியாததில்லை.

ஒரு லாரியில் கயிறு கட்டி வண்டியை மெல்ல இறக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அதே பஸ்ஸில் வீடு திரும்பினோம். டவுனை நான் பார்க்கவே இல்லை. வடிவு நடந்ததைக் கேட்டு முதலில் அழுதாள். பிறகு, "நீ அவுகளை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டியாமே" என்று சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாள் நெருங்கியவள் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மிஸ்திரியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். குழாயெல்லாம் கழுவி, ரப்பரெல்லாம் மாற்றி, புது எண்ணெய் விட்டாயிற்று, இனி எந்தக் குறையும் இல்லை என்றார். மாப்பிள்ளைக்குத் திருப்தி. பச்சைப் பாக்கு எடுக்கப் போனார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "தூணே, மிஸ்திரி தம் பெண்சாதியை ஏத்திக்கிட்டு இந்த இறக்கத்துல ஒரு தடவை போயிட்டு வரட்டும். அப்புறம் எம் மவ ஏறுவா."

மாப்பிள்ளை இதை ஹிந்தியில் சொல்ல மாட்டேன் என்பதுபோல் கூரையைப் பார்த்தார். வடிவு சொல்லிவிட்டாள். நான் சொன்னதைவிட நீளமாகவே சொன்னாள் என்று தோன்றியது.

மிஸ்திரி டீயைக் குடித்தார். முன்சக்கரத்தைப் பார்த்தார். மிச்ச டீயையும் குடித்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் வண்டி என்கிட்ட இருக்கட்டும்" என்றார். அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ அந்த ஒரு பதிலில்தான் மிஸ்திரி மேல் முழு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. பின்சீட்டில் அவர் மனைவி கமலா, பட்டுச் சேலை, தலையில் செம்பருத்தி. முன்சீட்டில் கமலாவின் தாயார். நான் கேட்டது பெண்சாதியை மட்டும். மாமியாரை அவராகவே ஏற்றி வந்திருந்தார். அது பிரேக்கின் மேல் இருந்த நம்பிக்கையா, வேறு எண்ணமா என்று நான் கேட்கவில்லை. இறக்கம் இறங்கி, திரும்பி ஏறி, அரை மணியில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கமலா சன்னல் வழியாக எங்களுக்குக் கை காட்டினாள்.

அரை மணி ஆயிற்று. வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. அந்த நேரம் பார்த்து வடிவு அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம்மா" என்றாள். பனிக்குடம் உடைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஒன்று அப்போதுதான் போயிருந்தது. மாப்பிள்ளை சாலைக்கு ஓடினார், வந்தார், மறுபடி ஓடினார். தூணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் செய்த காரியம், பத்திரமான வண்டியை வேண்டிய நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டது. இல்லை, இறக்கத்தில் எங்கேயாவது அது மறுபடி சாய்ந்து கிடக்கிறதோ, ஒரு குடும்பத்தையே நான் அனுப்பிவைத்தேனோ என்று வடிவின் முதுகைத் தடவிக்கொண்டே சாலையைக் காது கொடுத்துக் கேட்டேன்.

கார் வந்தது. மேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கமலாவின் பட்டுச் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. இறக்கத்தில் பிரேக் நன்றாகப் பிடித்ததாம். இன்னொரு தடவை பார் என்றாளாம். பார்த்தார்களாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கடற்கரை வரை போய்ப் பார்த்துவிடலாமே என்றாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவர் அவளை ஒரு வண்டியில் ஏற்றி எங்கேயும் கூட்டிப் போனதில்லையாம். மெக்கானிக் வீட்டில் வண்டிகளெல்லாம் அக்கக்காகக் கழன்றுதானே கிடக்கும்.

வடிவைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. இறங்கவும் இல்லை. கையை நீட்டி என் மகளை உள்ளே இழுத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஆராம் ஸே, ஆராம் ஸே" என்றாள். மெதுவா, மெதுவா. அவள் மூன்று பெற்றவளாம். எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் தாயார் முன்சீட்டிலிருந்து இறங்கி எனக்கு இடம் காட்டினாள். மாப்பிள்ளை நான் கட்டி வைத்திருந்த துணி மூட்டையோடு அவசரமாக அங்கே ஏறிவிட்டார். பிறகு ஞாபகம் வந்து இறங்கப் பார்த்தார்.

பின்னால் நெருக்கியடித்து நானும் ஏறியிருக்கலாம். ஆனால் கனம் கூடினால் இறக்கத்தில் வண்டி இழுக்கும். அது எனக்குத் தெரியும்.

"நீங்க போங்க மாப்பிள்ளை" என்றேன். தூணைத் தேடவில்லை. வடிவு அந்த வலியிலும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வாசலில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம், மிஸ்திரியின் மாமியாரும் நானும். அவளுடைய பாட்டி மதராஸ் பக்கமாம். அந்த வகையில் அவளுக்குச் சோறு, தண்ணி, சனியன் என்று மூன்று தமிழ் வார்த்தை தெரியும். எனக்குத் தெரிந்த ஹிந்தி அதற்கும் குறைவு. இறங்கிப் போகிற காரின் சத்தத்தைக் கேட்டோம்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. மூன்றாவது வளைவில் பிரேக் கிறீச்சென்று ஓர் அலறல் அலறியது. பிறகு ஒன்றும் இல்லை. தென்னந்தோப்பில் காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவளுடையதைப் பிடித்தேன்.

கீழேயிருந்து ஒரு மாடு நிதானமாக "ம்மா" என்றது. அதன் பின்னாலேயே, நிமிர்ந்து பார்க்கக்கூடக் கூசுகிற ராம்சரண் மிஸ்திரி அந்த மாட்டையும் அதன் வம்சத்தையும் ஹிந்தியில் வைகிற குரல் மேடேறி வந்தது. பிறகு எஞ்சின் உறுமியது, வண்டி போயிற்று.

"சனியன்" என்றாள் அவள், மாட்டை. எனக்கு அந்த மாட்டைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. நட்ட நடு இறக்கத்தில் குறுக்கே நின்று பார்த்துச் சரி என்று வழி விட்டது அதுதானே.

அவளுக்குச் சோறு போட்டேன், நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு. கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

வெயில் தாழும் நேரத்தில் பஸ் வந்தது. எங்கள் வாசலில் நிறுத்தம் கிடையாது, இருந்தாலும் நின்றது. அந்தக் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பஸ் நிறைய ஆட்கள் என்னையே பார்க்கிறார்கள். கேட்க வேண்டியது நெஞ்சு நிறைய இருக்க, வாயில் வந்த ஹிந்தி இரண்டே வார்த்தை.

"காடி டீக்?" என்றேன். வண்டி சரியா?

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காடி டீக், நானி" என்றார். வண்டி நல்லா இருக்கு. பிள்ளையைத் தாலாட்டுவது போலக் கையை ஆட்டி மிச்சத்தையும் சொன்னார். உன் பொண்ணும் நல்லா இருக்கா. பொண்ணுக்கு ஒரு பொண்ணு. கமலாதான் முதலில் கையில் வாங்கினாளாம்.

நான் அந்த ஊரில் இருந்த மூன்று மாதமும், பிள்ளையைக் கேட்காமல் காரைக் கேட்ட கிழவி என்றுதான் அந்தப் பஸ்ஸில் எனக்குப் பெயர். நான் மறுக்கவில்லை. வண்டி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் எனக்கு மற்றதெல்லாம் தெரிந்தது போலத்தான் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்லுவது? அதுவும் ஹிந்தியில்.